பூக்குது, ஆனா காய்க்குதில்லை: திருகோணமலையில செரி மரம் வைச்சிருக்கிற ஆக்களுக்கு

மருந்துக் கடையில போய் "செரி மரத்துக்கு ஏதும் மருந்து தாங்கோ" எண்டு கேக்க முந்தி இதை ஒருக்கா வாசிங்கோ. எங்கட பக்கம் செரியில வாற கரைச்சல்ல முக்கால்வாசி நோயே இல்லை. மரம் மாறிப்போயிருக்கும், இல்லாட்டி தண்ணி பிழை, இல்லாட்டி காத்து, இல்லாட்டி மகரந்தம் சேர்க்கிற பூச்சி இல்லை, இதில ஒண்டுக்கும் போத்தில்ல மருந்து வாறேல்ல. கீழ அறிகுறி அறிகுறியா எழுதியிருக்கிறன், உங்கட மரத்தில எது தெரியுதோ அந்த இடத்துக்கு நேர போகலாம், ஆனா முதலாவதை மட்டும் எல்லாரும் பாருங்கோ, அதில பிழைச்சால் மிச்சம் எல்லாம் வீண்.

எதுக்கும் முதல்: உங்களிட்ட இருக்கிறது எந்தச் செரி?

கண்டு விக்கிற இடத்தில எல்லாத்துக்கும் "செரி" எண்டுதான் சொல்லுவாங்கள். கிட்டப்போய் இலையைப் பாருங்கோ.

இலை சோடி சோடியா எதிரெதிரா, பளபளப்பா, ஓரம் கொஞ்சம் நெளிஞ்சு ஆனா பல்லு இல்லாமல் இருக்குதோ? பூ ரோஸ் நிறம், இதழ் ஓரம் சுருங்கி இருக்குதோ? பழம் சிவப்பு, மேல மூண்டு மேடு தெரியும், உள்ளுக்க மூண்டு விதை. அது பார்படோஸ் செரி, அசெரோலா எண்டும் சொல்லுறது, தாவரப் பேர் மல்பீகியா எமார்ஜினாட்டா. வெப்பமண்டல அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுப் பக்கத்து மரம், எங்கட வெயிலுக்கு நல்லாப் பொருந்தும்.

இலை ஒண்டுவிட்டு ஒண்டு, ஓரத்தில சின்னச் சின்னப் பல்லு, பழத்துக்குள்ள ஒரே ஒரு கொட்டை எண்டால் அது செரி பிளம், புரூனஸ் செராசிஃபெரா. இலை ஊதாவா இருக்கிற வகையும் இருக்கு, படத்தில பாத்துட்டு ஆசைப்பட்டு வாங்கிறது பெரும்பாலும் அதைத்தான்.

இலை ரோமமா, தொட்டால் பிசுபிசுப்பா, வெள்ளைப் பூ, பழத்துக்குள்ள எண்ண ஏலாத அளவுக்குக் குட்டி விதை எண்டால் அது ஜாம் பழம். அதுக்கு வழிகாட்டியே தேவையில்லை, மதில் வெடிப்பில வௌவால் போட்ட விதையே மரமாகிடும்.

"மூண்டு வருஷமாச்சு, ஒரு பூக்கூட இல்லை, மரம் சோம்பிப்போய் நிக்குது"

இலையில பல்லு இருந்தால் இதுதான் உங்கட கதை. செரி பிளம் தென்கிழக்கு ஐரோப்பா, மேற்கு ஆசியாப் பக்கத்து மரம். ஜோர்ஜியா நாட்டில இந்தப் பழத்தைப் புளிப்பா அரைச்சு 'ட்கெமாலி' எண்டு ஒரு சோஸ் செய்வாங்கள், அங்க இறைச்சியோட அதுதான். ஊதா இலை வகையை 1880 அளவில பாரசீக மன்னரின்ர தோட்டக்காரர் பிசார்ட் எண்டவர் பிரான்சுக்கு அனுப்பினதால அதுக்கு அவரின்ர பேரிலயே பிசார்டி எண்டு பேர் வந்திச்சு. சரித்திரம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த மரம் மாரியில இலை கொட்டி உறங்கவேணும், உறங்கிறதுக்குக் குளிர் வேணும். 7 பாகை செல்சியசுக்குக் கீழ நூற்றுக்கணக்கான மணித்தியாலம் நிண்டால்தான் மொட்டு முழிக்கும். திருகோணமலையில மார்கழி தையில நாங்கள் போர்வை தேடுற ராத்திரியிலகூட 20 பாகைக்குக் கீழ போறது அபூர்வம். மரத்துக்கு உறக்கம் வாறேல்ல, உறங்காததால முழிக்கவும் தெரியேல்ல, இலை கொஞ்சம் கொட்டி, கொஞ்சம் துளிர்த்து, இடையில கச்சான் காத்தில நுனி எரிஞ்சு, அப்பிடியே இழுபடும்.

ஐஸ் கட்டி வேர்ல போடச்சொல்லி ஒரு வைத்தியம் சுத்துது. குளிர் தேவைப்படுறது மொட்டுக்கு, வேருக்கில்லை, அதால ஐஸை நீங்களே ஜூஸ்ல போட்டுக் குடியுங்கோ. இன்னொண்டு, இலை உருவிறது. இந்தோனேசியாவில மலாங் பக்கம் பத்து எண்ட மலை ஊரில அப்பிள் மரத்தின்ர இலையைக் கையால உருவிவிட்டுப் பூக்க வைப்பாங்கள், உண்மை, வருஷத்துக்கு இரண்டு போகம்கூட எடுப்பாங்கள், ஆனா அது மலை, ராத்திரிக் குளிர் இருக்கு. கடற்கரையில நிக்கிற மரத்தில இலையை உருவினால் மொட்டை மரந்தான் மிச்சம்.

அதால என்ர அபிப்பிராயம் ஒளிச்சு மறைக்காமல் சொல்லுறன்: சாடியில இருந்தால் மலைநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்குக் குடுங்கோ. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், தை மாசியில சில விடியப்புறத்தில புல்லில உறைபனியே விழும், பிளம், பேயர்ஸ் எல்லாம் அந்தப் பக்கத்தில காய்க்கிற மரம். அங்கயும் ஒரு மரம் மட்டும் வைச்சால் காணாது, செரி பிளத்தில கனக்க மரம் தன்ர மகரந்தத்தில தானே வடிவாக் காய்க்காது, பக்கத்தில இன்னொரு பிளம் வேணும். நிலத்தில வைச்சிட்டீங்கள் எண்டால் இன்னும் ரெண்டு மூண்டு வருஷம் பசளை போட்டுப் பாக்கிற காசுக்கு ஒரு பார்படோஸ் செரிக் கண்டு வாங்கலாம். ஒரு விஷயம், எங்கயாவது பழம் கிடைச்சுப் பிள்ளையள் சாப்பிட்டால் கொட்டையை உடைச்சு உள்ளுக்க இருக்கிற பருப்பைத் தின்ன விடாதைங்கோ. கைக்கிறதுக்குக் காரணமான அமிக்டலின் வயித்துக்குள்ள போய் சயனைட்டை விடும்.

இதுக்குப் பிறகு எழுதிறது எல்லாம் பார்படோஸ் செரிக்கு. இனிச் செரி எண்டால் அதுதான்.

"செரி சரியான செழிப்பு, ஆனா பூ இல்லை"

இலை கரும்பச்சையா, கிளை கன்னாபின்னா எண்டு நீளமா வளர்ந்து, பூ மட்டும் இல்லை. முதல்ல நிழலைப் பாருங்கோ. வேப்பமரம், மாமரத்துக்குக் கீழ வைச்சால் இந்த மரம் வளரும், பூக்காது, நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் விழவேணும். அடுத்தது பசளை. மாட்டுக் கொட்டில் உள்ள வீடுகளில எருவை வாளி வாளியாக் கொட்டுவாங்கள், அதுக்கு மேல மழைக்கு முந்தி யூரியாவும் எறிஞ்சால் மரம் இலையிலயே நிக்கும். நைதரசனை நிப்பாட்டிட்டு அடுப்புச் சாம்பல் கொஞ்சம் தூவலாம், அதில பொட்டாசியம் இருக்கு, ஆனா கடற்கரை மணல்காரர் சாம்பல் போடாதைங்கோ, ஏன் எண்டு கீழ மஞ்சள் இலையில சொல்லுறன்.

மூண்டாவது கத்தி. இந்த மரம் புதுத் துளிரிலயும் சின்னக் கிளையிலயும்தான் பூக்கும். மாசா மாசம் வேலி வெட்டுற மாதிரி உருண்டையா வெட்டினால் பூக்க வேண்டிய இடம் எல்லாம் குப்பைக் கிடங்குக்குப் போகுது. வருஷத்துக்கு ஒருக்கா, ஒரு பெரிய காய்ப்பு முடிஞ்ச பிறகு, நடுவில நெருங்கி நிக்கிற கிளை, நிலத்தைத் தொடுற கிளை, காய்ஞ்ச கிளை, இவ்வளவும் எடுத்தால் காணும்.

நாலாவதுதான் பலபேர் யோசிக்கிறேல்ல. செரி காய்ச்சலும் பாய்ச்சலுமாப் பூக்கிற மரம். கொஞ்ச நாள் காய்ஞ்சு, பிறகு ஒரு நல்ல மழை விழுந்தால் துளிரும் பூவும் சேர்ந்து வரும். நாள் தவறாமல் பின்னேரத்தில ஹோஸ் பிடிக்கிற வீட்டில மரத்துக்கு அந்தச் சைகையே கிடைக்கிறேல்ல. வளர்ந்த மரம் எண்டால் தண்ணியை நல்லாக் குறைச்சு, நடு மத்தியானத்தில இலை கொஞ்சம் தொங்கிற அளவுக்கு விட்டு, பிறகு ஒரே தடவையில வேர் ஆழத்துக்கு இறங்கிற மாதிரி ஊத்துங்கோ. சாடியில இருக்கிறதுக்கும் முதல் வருஷக் கண்டுக்கும் இதைச் செய்யாதைங்கோ, செத்துப்போகும். விதையில வந்த கண்டு எண்டால் இரண்டு மூண்டு வருஷம் பொறுக்கத்தான் வேணும், தண்டு வெட்டி வேர்விட வைச்சது, பதி வைச்சது எல்லாம் அதுக்கு முந்தியே பூக்கும்.

"மரம் முழுக்க ரோஸ் பூ, அடுத்த கிழமை எல்லாம் நிலத்தில"

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால எட்டிப்பாத்து "தம்பி, உந்த மரம் மலட்டு மரமோ" எண்டு கேக்கிற நிலைமை இதுதான். கூடுதலாக் கேக்கிற கேள்வியும் இதுதான், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

செரிப் பூவில தேன் இல்லை. நம்புங்கோ, இல்லை. பூவைக் கவுட்டுப் பாருங்கோ, புல்லி இதழின்ர வெளிப்பக்கத்தில குட்டி குட்டியாப் பருப்பு மாதிரிப் புடைப்பு தெரியும், அதுக்குள்ள எண்ணெய் இருக்கு. அமெரிக்கக் கண்டத்தில சென்ட்ரிஸ் எண்டு ஒரு தேனீ இனம், அதுக்கு இந்த எண்ணெய் வேணும், குஞ்சுக்குச் சாப்பாட்டோட கலக்க. எண்ணெயை வழிக்க வந்து பூவைக் கட்டிப்பிடிக்கேக்க மகரந்தம் வயித்தில ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். பிறேசில்ல இந்தப் பழம் தோட்டம் தோட்டமாக் காய்க்கிறதுக்கு அந்தத் தேனீயும் ஒரு காரணம். எங்கட ஊருக்கு மரம் வந்திச்சு, தேனீ வரேல்ல. எங்கட தேனீக்கு உதில தேனும் இல்லை, எண்ணெய் எடுக்கவும் தெரியாது, மகரந்தத்துக்கு எண்டு இடைக்கிடை வந்து போகும், அவ்வளவுதான். அதால பூ கொட்டுறது மரத்தின்ர வருத்தம் இல்லை.

செய்யக்கூடியது என்ன எண்டால், காலமை பூ விரிஞ்ச பிறகு, வெயில் ஏறமுந்தி, பிள்ளையளின்ர பெயின்ற் பிரஷ் ஒண்டு, இல்லாட்டி கொட்டன் பட், எடுத்துப் பூ நடுவில மெதுவாச் சுழட்டி அடுத்த பூவில தேயுங்கோ. ஒரே மரத்துப் பூவுக்குள்ள மாத்தினாலும் கொஞ்சம் பிடிக்கும், வேற இடத்துக் கண்டு ஒண்டின்ர பூவோட மாத்தினால் கனக்கப் பிடிக்கும், அதால சொந்தத்தில ஆரிட்டயாவது வேற வகை இருந்தால் ஒரு தடி வாங்கி வேர்விட வைச்சுப் பக்கத்தில நடுங்கோ. முழு மரத்துக்கும் செய்யத் தேவையில்லை, கைக்கு எட்டுற கிளை நாலைஞ்சு செய்தாலே வித்தியாசம் தெரியும். பிடிச்ச பூவில கொஞ்ச நாளில பச்சைக் குண்டு தெரியும், அதிலயிருந்து மூண்டு நாலு கிழமையில பழம். இவ்வளவு கெதியில பழம் தாற மரம் வேற என்ன வீட்டில இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்.

பூ நேரத்தில வேற ரெண்டு விஷயம் கெடுக்கும். ஒண்டு, காய்ச்சல் குடுத்துப் பூக்க வைச்சிட்டுப் பிறகும் தண்ணியை மறக்கிறது. பூ வந்தபிறகு மண் ஈரம் அறவே காயக்கூடாது. மற்றது பூவோட இருக்கேக்க பூச்சி மருந்து அடிக்கிறது, வாற ஒண்டிரண்டு தேனீயையும் நீங்களே கலைக்கிறீங்கள். சில நாட்டுத் தோட்டக்காரர் ஹோர்மோன் தெளிச்சுக் காய் பிடிக்க வைப்பாங்கள், வீட்டில அது வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன், பழம் திண்ணுறது பிள்ளையள், பிரஷ் இருக்கு, நேரமும் இருக்கு.

"இலை ஓரம் பிறவுண் நிறத்தில எரிஞ்சு வருது"

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, சல்லி, குச்சவெளிப் பக்கம் எண்டால் முதல் சந்தேகம் கிணத்துத் தண்ணி. கடற்கரை மணலுக்குள்ள நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் நிக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி இருந்தால் கீழ ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பைத் தள்ளிப் பிடிச்சு வைச்சிருக்கும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. திருப்பிப் பாருங்கோ: கச்சான் காலத்தில மோட்டரைப் போட்டு ஒரு அடி இறைச்சால் கீழ உப்பு எவ்வளவு மேல வரும்? 2004 சுனாமியில கடல் ஏறின கிணறுகள் உப்பாப்போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா சுனாமி இல்லாமலே ஆடி ஆவணியில இது நடக்குது.

கேத்தில்ல வெள்ளையாப் படியுது, அதால தண்ணி உப்பு எண்டு சொல்லாதைங்கோ, அது சுண்ணாம்பு, வேற கதை. வாயில வைச்சுப் பாத்தால் உவர்ப்பு தெரியவேணும், இல்லாட்டி ஆரிட்டயாவது ஈ.சி. மீட்டர், அதாவது தண்ணியில உப்பு எவ்வளவு எண்டு அளக்கிற கருவி, இருந்தால் வைகாசியில ஒருக்கா ஆவணியில ஒருக்கா அளந்து பாருங்கோ, ஏறியிருந்தால் விஷயம் அதுதான். மரத்தில பாக்கிறது எண்டால், எரிவு முதல்ல முத்தின இலையின்ர நுனியில தொடங்கி ஓரத்தால உள்ளுக்க வரும், சாடி எண்டால் மண்ணுக்கு மேலயும் சாடி விளிம்பிலயும் வெள்ளைப் பொருக்கு.

வழி: நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தாதைங்கோ. கொஞ்சமா ஊத்தினால் தண்ணி ஆவியாகிப் போகும், உப்பு வேருக்குப் பக்கத்திலயே குந்தியிருக்கும். நாள் விட்டு நாள், ஆனா நிறைய, உப்பு வேரைத் தாண்டிக் கீழ கழுவிப்போற அளவுக்கு. சாடி எண்டால் கீழ் ஓட்டையால தண்ணி வடியவேணும், சாடிக்குக் கீழ தட்டு வைச்சிருந்தால் எடுத்து எறியுங்கோ. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் கூரைத் தண்ணி சும்மா கானுக்குள்ள ஓடுது, ஒரு டாங்கி வைச்சுப் பிடிச்சால் சாடி மரங்களுக்காவது பங்குனி சித்திரை தாண்டும். வோட்டர் போர்ட் தண்ணி இருக்கிற ஆக்கள் சாடிக்கு அதையே பாவிக்கலாம். அடியில பொச்சுமட்டையைக் கவுட்டு அடுக்கி, மேல சருகு போட்டு மூடுங்கோ, தண்டோட ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. மட்டையை முதல்ல தண்ணியில ரெண்டு மூண்டு நாள் ஊறவைச்சு அந்தத் தண்ணியை ஊத்திப்போடுங்கோ, கடற்கரைத் தென்னை மட்டையிலயும் உப்பு இருக்கும்.

உங்கட வீடு கன்னியா, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம், தண்ணியும் நல்லது, ஆனாலும் எரியுது எண்டால் அது கச்சான். வைகாசி தொடக்கம் ஆவணி வரைக்கும் மேற்கிலயும் தென்மேற்கிலயும் இருந்து வாற அந்த வறண்ட காத்து இலையில இருக்கிற தண்ணியை வேர் குடுக்கிறதை விடக் கெதியா உறிஞ்சும். எரிவு காத்துப் பக்கத்தில மட்டும் கூட இருக்கும், மற்றப் பக்கம் பச்சையா நிக்கும், இதை வைச்சே பிரிச்சறியலாம். சின்ன மரத்துக்கு மேற்குப் பக்கமாக் கிடுகுத் தட்டி ஒண்டு கட்டினால் காணும். மதில் வேண்டாம், மதில்ல காத்து முட்டிச் சுழண்டு விழும், கிடுகு காத்தை வடிகட்டி விடும்.

"மஞ்சள்"

மஞ்சள் எண்டு மட்டும் சொன்னால் ஒருத்தரும் பதில் சொல்லேலாது, எந்த இலை மஞ்சள் எண்டு பாருங்கோ.

கீழ் இலை, பழைய இலை முழுசா மஞ்சளாகி விழுந்தால் மண்ணில சத்து இல்லை, மழைக்குப் பிறகு மணல் நிலத்தில இது சகஜம், கூட்டெரு போடுங்கோ, முடிஞ்சிது.

நுனி இலை, புது இலை மஞ்சள், ஆனா நரம்பு மட்டும் பச்சைக்கோடு கோடா நிக்குது எண்டால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில இரும்பு இல்லாமல் இல்லை. சிப்பியும் முருகைக்கல்லும் உடைஞ்ச கடற்கரை மணல்ல சுண்ணாம்பு கூட, அதால மண்ணின்ர காரத்தன்மை, பி.எச். எண்டுறது, கூடி வேரால இரும்பை எடுக்க ஏலாமல் போகுது. இதுக்குத்தான் மேல சாம்பல் வேண்டாம் எண்டனான், சாம்பலும் பி.எச்.சைக் கூட்டும். துருப்பிடிச்ச ஆணி புதைக்கிற கை வைத்தியம் இந்த மண்ணில வேலை செய்யாது, துருவும் கரையாமல் அங்கயே கிடக்கும். கூட்டெரு நிறையப் போடுறது, இரும்பு கீலேட் (மரம் எடுக்கக்கூடிய மாதிரிச் செய்த இரும்பு) பைக்கற் கிடைச்சால் அதில எழுதியிருக்கிற அளவில இலைக்குத் தெளிக்கிறது, இதுதான்.

எல்லா இலையும் வெளிறி, மண் ஈரமா இருக்கேக்கயும் மத்தியானத்தில மரம் வாடி, பின்னேரம் எழும்புது, வருஷத்துக்கு வருஷம் மரம் சிறுக்குது. இதுதான் எனக்குப் பயமான அறிகுறி. ஓரத்தில மெதுவாத் தோண்டி மெல்லிய வேர் ரெண்டு மூண்டு எடுத்துக் கழுவிப் பாருங்கோ. வேரிலயே முடிச்சு முடிச்சா வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நெமற்றோடு, கண்ணுக்குத் தெரியாத புழு, மணல் மண்ணில நல்லாப் பெருகும், செரிக்கு அதுதான் பெரிய எதிரி. பயத்தங்காய், கடலை வேரில இருக்கிற நல்ல முடிச்சு நகத்தால தட்டினால் உதிரும், இது உதிராது, வேரே தடிச்சிருக்கும். வந்த பிறகு முழுசா அழிக்க ஏலாது, மரத்தைத் தாங்கிப்பிடிக்கத்தான் ஏலும்: வேப்பம் பிண்ணாக்கு மண்ணோட கலந்து, கூட்டெருவை மேல மேல போட்டு, ஈரம் குறையாமல் பாத்துக்கொள்ளுங்கோ. பக்கத்தில தக்காளி, கத்தரி, வெண்டி நடாதைங்கோ, அது நெமற்றோடுக்கு விருந்து. முந்தி கத்தரிப் பாத்தியா இருந்த இடத்தில செரி நடுறதையும் தவிருங்கோ. கண்டு வாங்கேக்க பையைக் கொஞ்சம் கிழிச்சு வேரைப் பாக்க விடாத ஆளிட்ட வாங்காதைங்கோ.

மூதூர், கிண்ணியா வயல் பக்கத்துக் களிமண்ணில வேர் முடிச்சில்லாமல் கறுத்து அழுகி மணத்தால் அது தண்ணி தேங்கினது. அங்க கிடங்கு வெட்டி நடக்கூடாது, ஒண்டரை இரண்டு அடிக்கு மண்மேடு போட்டு அதுக்கு மேல நடவேணும்.

"காத்துக்கு மரம் சாஞ்சு போச்சு"

செரி வேர் ஆழமாப் போறேல்ல, மேலயே பரவும். மாரி மழையில மண் ஊறி, அதோட காத்தும் சேர்ந்தால் அப்பிடியே படுக்கும், 2020 டிசம்பர் 2 ராத்திரி புரெவிப் புயல் எங்கட கரையால ஏறின மாதிரி ஒண்டு வந்தால் சொல்லத் தேவையில்லை. விழுந்த மரத்தை வெட்டி எறியாதைங்கோ. ஒரு பக்க வேர் மண்ணுக்குள்ள இருந்தால் காணும், மண் ஈரம் காய முந்தி ரெண்டு பேர் சேர்ந்து நிமித்தி, மூண்டு பக்கமும் கயிறு கட்டி, கயிறு தண்டை வெட்டாமல் பழைய சைக்கிள் டியூப்பைச் சுத்தி, மேல் கிளையில மூண்டில ஒரு பங்கை வெட்டிப் பாரத்தைக் குறையுங்கோ. புரட்டாசியிலயே கொஞ்சம் கத்தரிச்சு விட்டால் இந்தப் பாடே இல்லை.

"இலை கறுப்பாப் புகை படிஞ்ச மாதிரி, எறும்பு ஊருது"

கறுப்பு, பூச்சி விட்ட இனிப்புத் தண்ணியில வளர்ற பூஞ்சணம். மேல கறுப்பைத் துடைச்சு வேலையில்லை, இலைக்குக் கீழயும் கணுவிலயும் வெள்ளைப் பஞ்சுப்பூச்சி, செதில் பூச்சி இருக்கும். ஹோஸ் தண்ணியால பலமா அடியுங்கோ, பிறகு ஒரு லீற்றர் தண்ணிக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கரைய ரெண்டு சொட்டு சோப்பு, பின்னேரத்தில இலைக்குக் கீழ. கிழமைக்கு ஒருக்கா, மூண்டு நாலு தரம். எறும்பை விட்டால் திருப்பிக் கொண்டு வந்து வைக்கும், தண்டில பழஞ்சீலை சுத்தி அதில கிறீஸ் பூசினால் ஏறாது.

"கீழ் இலை எல்லாம் ஒரே ராத்திரியில மொட்டையாப் போச்சு"

டவுனுக்குள்ள இருக்கிற ஆக்களே, புழுவைத் தேடாதைங்கோ. நாலடி உயரத்துக்குக் கீழ மட்டும் இலை இல்லை, கிளை நுனி பிஞ்சு பிஞ்சு கிடக்கு எண்டால் வந்தது மான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ரோட்டால நடந்து கேற் திறந்திருந்தால் உள்ளுக்க வாற ஊரில வேற ஆரைச் சந்தேகப்படுறது. மான் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, கல்லெறியவும் வேண்டாம், கண்ணி வைக்கிற கதையும் வேண்டாம். மரம் ஆறடி தாண்டும் வரைக்கும் சுத்திவர வலை, அதுக்குப் பிறகு கீழ் இலையை அதுக்கு விட்டுக்குடுங்கோ.

"பழத்துக்குள்ள புழு"

பழ ஈ. பழுக்கத் தொடங்கின பழத்தில குத்தி முட்டை விடும், விழுந்த பழத்துக்குள்ளால புழு வெளிய வந்து மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவாகும். அதால மரத்தில அடிக்கிறதை விட நிலத்தைத் துப்புரவா வைச்சிருக்கிறதுதான் வேலை: விழுந்ததைப் பொறுக்கி, பொலித்தீன் பையில வாயைக் கட்டி, வெயில்ல சில நாள் போடுங்கோ, உள்ளுக்கயே அவிஞ்சு சாகும். மேலோட்டமாப் புதைச்சால் அது புழுவுக்கு வசதி. துளசி இலை கசக்கிப் போத்தில் பொறி வைக்கிறது வேலை செய்யும், ஆனா அது ஆண் ஈயை மட்டும் இழுக்கும், குத்திறது பெண் ஈ, அதால பொறி நிறைஞ்சிருக்கு எண்டு நம்பி இருந்திடாதைங்கோ. கெட்டித்தனம் என்ன எண்டால் பழம் முழுசாச் சிவக்க முந்தி, தோடம்பழ நிறம் வரேக்க பிடுங்கிறது. கொண்டைக்குருவிக்கும் அணிலுக்கும் முந்தினமாதிரியும் ஆகும். தொடர்ந்து மோசம் எண்டால் கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரிட்ட பழத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கோ, இல்லாட்டி விவசாயத் திணைக்களத்தின்ர 1920 இலக்கத்துக்கு எடுங்கோ, தமிழ்ல கதைக்கலாம்.

"பிடுங்கி வைச்சது அடுத்த நாளே பழுதாப் போச்சு"

பழம் அப்பிடித்தான், தோல் மெல்லிசு, எங்கட சூட்டில ரெண்டு மூண்டு நாளிலயே புளிச்சு நொதிக்கும். கடையில இது காணக்கிடைக்காததுக்கும் அதுதான் காரணம். காலமை குளிரோட பிடுங்கி, கழுவி, ஈரம் துடைச்சு நேர பிரீசருக்குள்ள போடுங்கோ. 100 கிராமில ஏறக்குறைய 1,600 மில்லிகிராம் விற்றமின் சீ இருக்கு, தோடம்பழத்தில 50 சொச்சம்தான், பச்சையாப் பிடுங்கினதில இன்னும் கூட. அதால புளிக்குது எண்டு எறியாமல் பச்சைக்காயை உப்பும் கொச்சிக்காய்த்தூளும் போட்டுச் சாப்பிடுங்கோ, சீனி போட்ட ஜூஸை விட எனக்கு அதுதான் பிடிக்கும். மாரி மழையில பிடிச்ச பழம் பெரிசா இருக்கும், ஆனா சப்பெண்டிருக்கும், அதுக்கு ஒண்டும் செய்யேலாது.

பிடுங்கேக்க கை கடிச்சால் பயப்படாதைங்கோ, இளம் துளிர்ல கண்ணுக்குத் தெரியாத ரோமம் இருக்கு. முழுக்கைச் சட்டை போடுங்கோ.

"விதை போட்டன், ஒண்டும் முளைக்கேல்ல"

செரி விதையில கனக்கத்துக்கு உள்ளுக்கக் கருவே இருக்காது, வெறும் கோது. முளைச்சாலும் தாய் மாதிரிப் பழம் வருமெண்டு சொல்லேலாது. நல்லாக் காய்க்கிற மரத்தில பென்சில் தடிப்பில, முத்தலும் இல்லாமல் பிஞ்சும் இல்லாமல் ஒரு சாண் தண்டு வெட்டி, கீழ் இலையை எடுத்து, மேல ரெண்டு இலையை மட்டும் விட்டு, மணலும் தும்புத்தூளும் பாதிப் பாதி கலந்த பையில குத்தி, மேல ஒரு பொலித்தீன் பையைக் கவுட்டு நிழல்ல வையுங்கோ. கார்த்திகை மார்கழியில காத்து ஈரமா இருக்கிற நேரம் தொடங்கினால் நல்லாப் பிடிக்கும். ஒண்டு வைக்காமல் அஞ்சாறு வையுங்கோ, எல்லாம் வேர்விடாது, விட்டால் மிச்சத்தை மாமிக்குக் குடுக்கலாம், வேற வகை மரத்துத் தண்டா இருந்தால் அவவின்ர வீட்டுப் பூ உங்கட பிரஷுக்கும் உதவும்.